பேப்பரில் வராத சாவு

என் அண்ணன் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதத் தெரியாமல் இல்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள் நான். அந்தப் பெயரை அச்சில் போடுங்கள் என்று ஒரு காலத்தில் போய் நின்று கேட்டேன். அப்போது போடாதவர்களுக்கு இப்போது எதற்குத் தரவேண்டும்? எங்கள் வீட்டுப் பெயர் எங்கள் வீட்டோடு இருக்கட்டும். நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஜெர்மன் சண்டை நடந்த வருஷங்களில் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் எனக்கு வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய ஆட்டுத்தோலிலிருந்து மயிரை உருவி, வெள்ளை வேறு கறுப்பு வேறு என்று பிரித்துப் போடவேண்டும். அந்தக் கொட்டகையில் முழுக்கப் பெண்கள்தான். சுண்ணாம்பு நகக்கண்ணைத் தின்றுவிடும். சோற்றில் கை வைத்தால் கண்ணில் தண்ணீர் வரும். பதமான தோலெல்லாம் பட்டாளத்து பூட்ஸுக்கென்று ரயிலேறிப் போய்க்கொண்டே இருந்தது. ஷாப்பு ஒரு நாள் கூட நிற்கவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை தாலுகா கச்சேரியிலிருந்து யுத்தப் பேப்பர் ஒரு கட்டு வரும். சும்மா கொடுப்பார்கள். மேஸ்திரி அதில் ஒன்றைக் கொண்டுவந்து என்னிடம் தருவார். மத்தியானம் சோறு தின்கிற நேரத்தில் நான் உரக்கப் படிப்பேன். கொட்டகையில் எழுத்துத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. நம் பட்டாளம் இங்கே பிடித்தது, அங்கே விரட்டியது என்று முதல் பக்கம் முழுவதும் ஜெயம். இரண்டாம் பக்கத்தின் அடியில் செத்தவர்களின் பட்டியல். துரைமார்களுக்குப் பெயர், பதவி, இன்ன துரையின் மகன் என்று முழு விவரம் இருக்கும். நம் நாட்டு சுபேதார், ஜமேதாருக்குப் பெயர் மட்டும். சிப்பாய்கள் என்று ஒரு எண். அதற்கும் கீழே, தாள் முடிகிற இடத்தில், "கூலிகள், பதினொருவர்." இன்னொரு வாரம் பதினாலு, இன்னொரு வாரம் ஆறு.

அந்தக் கடைசி வரியை நான் உரக்கப் படித்ததே இல்லை. துரைமார் பெயர்களைத் தடுக்காமல் சொல்லிவிடவேண்டும் என்பதுதான் என் கவலை. முதல் நாளே மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். கடைசிப் பெயர் முடிந்ததும் தாளை மடித்து இடுப்பில் செருகிவிடுவேன்.

ஒரு தடவை ஒரு சின்ன துரையின் படம் போட்டிருந்தார்கள். பத்தொன்பது வயசு. மீசை இன்னும் சரியாக வரவில்லை. தாள் கைமாறிப் போய் எல்லோரும் பார்த்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து மயிர் உருவுகிற அக்கா ஒருத்தி, ஒப்பாரியில் கெட்டிக்காரி, படத்தைப் பார்த்ததும், "அய்யோ, பால் வடியுற மூஞ்சிடி இது! பெத்தவ எப்படித் தாங்குவா?" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். கூட நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். கடல் தாண்டி எங்கேயோ செத்துப்போன வெள்ளைக்காரப் பையனுக்கு ஆம்பூரில் சுண்ணாம்புக் கையோடு ஒப்பாரி வைத்தார்கள். மேஸ்திரி ஓடிவந்து எவள் வீட்டில் எழவு என்று கேட்டார். நானும் அழுதேன். அந்தத் தாளிலும் கடைசியில் கூலிகள் என்று ஒரு வரி இருந்தது.

அப்போது என் அண்ணன் பஸ்ரா துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான்.

அவனை அனுப்பிவைத்தவர் எங்கள் ஊர் மணியக்காரர். ஊருக்கு இத்தனை ஆள் என்று தாசில்தார் நெருக்கினார் போல. மணியக்காரர் சேரி முனையில் தமுக்கடிக்கச் சொன்னார். சண்டை போடவேண்டாம், துப்பாக்கி தொடவேண்டாம், கப்பலில் வருகிற சாமானை இறக்கினால் போதும், போட்டுக்கொள்ளக் கோட்டு, திரும்பி வந்தால் ஊரில் மரியாதை என்றார். அண்ணன் ஷாப்பில் ஈரத்தோல் சுமந்து பழகிய ஆள். மரியாதை என்ற சொல்தான் அவனைப் பிடித்தது. அண்ணியைக் கட்டி அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை. "ஒரு வருசம் தானே, போய்ட்டு வந்துடறேன்" என்றான். ஐந்தாறு கார்டு வந்தது, யாரோ எழுதிக் கொடுத்தது. அப்புறம் நின்றுவிட்டது.

நாலு மாதம் கழித்து ஒரு பகல் வேளையில் பேரணாம்பட்டிலிருந்து ஒரு பாய் எங்கள் தெருவுக்கு வந்தார். அண்ணனோடு ஒரே கூடாரத்தில் இருந்தவர். காய்ச்சலில் உடம்பு வற்றிப்போய், வேலைக்கு ஆகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"தோஸ்த்து போய்ட்டாம்மா," என்றார் என்னிடம். "தை அமாவாசைக்கு மறுநாள், விடியற நேரம். ஜுரம். மூணு நாள் தண்ணி கூட எறங்கல. நாந்தான் குளிப்பாட்னேன். நாந்தான் குழி தோண்டுனேன். ஈச்ச மரத்தோரம்."

சொல்லிவிட்டு அழுதார். அண்ணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து அழுவதற்குள் விஷயம் ஊருக்குள் போய்விட்டது. மணியக்காரர் தலையாரியை அனுப்பினார்.

"சாவுன்னு எவனும் கூட்டம் கூட்டக் கூடாதாம்," என்றான் தலையாரி. "செத்திருந்தா பேப்பர்ல வந்திருக்கும்றாரு ஐயா. வரல. அதனால பய ஓடிப்போய்ட்டான். பாய் பேச்சையெல்லாம் நம்பாதீங்கன்னாரு."

காரணம் எனக்கு அப்போதே விளங்கியது. அடுத்த மாதத்துக்கும் அவர் ஆள் பிடித்துக் கொடுக்கவேண்டும். போனவன் செத்தான் என்றால் இனி எவன் போவான்? ஓடிப்போனான் என்றால் ஒரு கஷ்டமும் இல்லை.

ஆனால் எங்கள் தெருவே அதை நம்பியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரில் எல்லாச் சாவும் வருகிறது என்று அவர்களை நம்பவைத்தது யார்? ஒவ்வொரு வாரமும் நீட்டி முழக்கிப் படித்த நான்தான். "நீதானே படிக்கிற, அவன் பேரு வந்தா விட்டுடுவியா? வரலன்னா உசுரோட கீறான்னு அர்த்தம்" என்று என்னிடமே சொன்னார்கள். தெருப் பெரியவர்கள் கூடி, புருஷன் உயிரோடு இருக்கும்போது அழுதால் அவனுக்கு ஆகாது, தாலியில் கை வைக்கக் கூடாது, வாய்விட்டு அழக் கூடாது என்று அண்ணிக்குக் கட்டளை போட்டுவிட்டார்கள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேரும் வந்தது. நெற்றியில் பொட்டோடு, கண்ணில் ஒரு சொட்டு இல்லாமல், அவள் தினம் என்னோடு ஷாப்புக்கு நடந்தாள். பேச்சு நின்றுவிட்டது. இராத்திரியில் தலையணையைக் கடித்துக்கொள்கிறாள் என்பது பக்கத்தில் படுத்த எனக்குத்தான் தெரியும். செத்தவனை அழக்கூட விடமாட்டேன் என்றால் இது என்ன நியாயம்?

மேஸ்திரியின் அலமாரியில் கிடந்த பழைய பேப்பரையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். தை மாதத்துக்கு அப்புறம் வந்த தாள்களில் அந்தக் கடைசி வரியை விரல் வைத்துப் படித்தேன். கூலிகள், ஒன்பது பேர். கூலிகள், பதினேழு பேர். இதில் எந்த எண்ணுக்குள் என் அண்ணன் இருக்கிறான் என்று யாராலும் சொல்ல முடியாது. என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளவேண்டும் போல இருந்தது.

ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேறி வேலூருக்குப் போனேன். அங்கே ஒரு பத்திரிகை ஆபீஸ் உண்டு. சர்க்கார் தருகிற யுத்தச் செய்தியை அதுவும் போடும். ஆசிரியர் நல்ல மனுஷர்தான், நிற்கவைத்துப் பேசினாலும் விரட்டவில்லை.

"பேர் வந்தா போடமாட்டேனாம்மா?" என்றார். "லிஸ்ட் மெட்ராஸ்லேர்ந்து வருது. கூலிங்க பேர் அதுல இருக்கிறதில்ல. வெறும் கணக்குதான்."

"பேரு நான் தர்றேன் சார். அப்பா பேரு, ஊரு, செத்த நாளு எல்லாம் தர்றேன்."

"நாமளா போட்டா சென்சார்ல பிடிச்சுப்பான். வேணும்னா காணவில்லைன்னு ரெண்டு வரி போடலாம்."

"காணாம போகல சார். செத்துட்டான். பொதைச்சவரே வந்து சொல்லிட்டாரு."

அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார். என் கையில் அந்த வாரத்துப் பேப்பர் இருந்தது. அதில் ஒரு கர்னலின் குதிரை குண்டுபட்டுச் செத்த சேதி. நல்ல ஜாதிக் குதிரையாம், கர்னலுக்கு உயிராம். குதிரையின் பெயரையும் போட்டிருந்தார்கள். அதை அவர் மேஜைமேல் விரித்து வைத்தேன்.

"குதிரைக்குப் பேரு இருக்கு சார். எங்கண்ணனுக்கு மட்டும் இல்லியா?"

அவர் முகம் சிவந்துபோனது. உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நாலு எழுத்துப் பெயர் அது, அச்சுக் கோர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? "போய்ட்டு வாம்மா" என்றார் கடைசியில். தாளை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம் எந்தப் பேப்பரையும் காசு கொடுத்து நான் வாங்கியதில்லை.

ரயிலில் வரும்போதுதான் அந்த யோசனை வந்தது. இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

எங்கள் நைனாவுக்கு ஊரில் ஒரு வேலை உண்டு, எழவு சொல்வது. ஊர்த் தெருவில் யார் செத்தாலும் வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு நடந்து போய்ச் சொல்லவேண்டியவர் அவர்தான். வெயிலோ மழையோ, குடியாத்தமோ பள்ளிகொண்டாவோ, கூப்பிட்டவுடன் கிளம்பவேண்டும். அதற்கு முறை இருந்தது. வாசலுக்கு எதிரே தெருவில் நின்று, இன்னார் மகன் இன்னார், இன்ன நாள், இன்ன வேளையில் போய்விட்டார் என்று ஒரே மூச்சில் சொல்வார். வீட்டுக்காரர் எந்த வேலையில் இருந்தாலும் எழுந்து வந்து, "எப்ப?" என்று ஒரு வார்த்தை கேட்கவேண்டும். கேட்டுவிட்டால் சாவு ஒப்புக்கொள்ளப்பட்டது. கேட்காமல் இருப்பது அந்த வீட்டுக்கே ஆகாது. சொன்னவர் அங்கே தண்ணீர் குடிக்காமல், திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஊரே அதை நம்பியது. நைனா சொன்ன சாவை யாரும் இதுவரை பொய் என்றதில்லை.

"அண்ணனுக்கு எழவு சொல்லிட்டு வா நைனா," என்றேன்.

"சொந்த வீட்டு எழவைத் தானே சொல்லப் போறது முறை இல்ல."

"அப்ப சித்தப்பாவை அனுப்பு."

"மணியக்காரருக்கு விரோதமா எவன் போவான்?"

"சரி, நான் போறேன்."

"பொம்பள போற வழக்கமே கிடையாதும்மா."

"ஏன், பொம்பள சொன்னா செத்தவன் எழுந்து வந்துடுவானா?"

அவர் என்னைத் தடுக்கவில்லை. சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு, காலையில் ஊர் விழித்த நேரம் பார்த்து ஊர்த் தெருவுக்குப் போனேன். எங்கள் தெருப் பெண் தனியாக அந்தத் தெரு நடுவில் நடந்ததில்லை. பயம் இல்லை என்று சொன்னால் பொய். முதலில் போனது மணியக்காரர் வீட்டுக்குத்தான்.

அவர் வேப்பமரத்தடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து நாவிதரிடம் சவரம் செய்துகொண்டிருந்தார். பாதி முகம் முடிந்திருந்தது, மறுபாதி சோப்பு நுரை. தெருவில் நின்று, அண்ணன் பெயரையும் நைனா பெயரையும் சொல்லி, போய்விட்டான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஏய், நிறுத்து," என்றார். "பேப்பர்ல வந்துச்சா?"

"வரல."

"வரலன்னா சாவல. ஓடிப்போய்ட்டான். தாசில்தாருக்கே அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்."

எழுதியே கொடுத்துவிட்டாரா? அதுவரை இருந்த பயம் எனக்குப் போய்விட்டது.

"உங்க அப்பாரு தவறிப்போனப்ப குடியாத்தத்துலேர்ந்து சம்பந்திங்க வண்டி கட்டிட்டு வந்தாங்களே," என்றேன். "எந்தப் பேப்பர்ல பார்த்துட்டு வந்தாங்க?"

அவர் நுரையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்க நைனா நடந்து போய்ச் சொன்னாரு. அவரு வாயால கேட்டுட்டுத்தான் தலை முழுகினாங்க. அப்ப நம்பின வாயி எங்க வூட்டுச் சாவைச் சொன்னா மட்டும் பொய்யாயிடுமா?"

சாமி என்று ஒரு தடவை கூட நான் சொல்லவில்லை. அவருக்கும் அது தெரிந்தது. எழுந்தால் சாவை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும். உட்கார்ந்தே இருந்தால் முறை தப்பியவர் என்று ஆகும். நுரை காய்ந்து கன்னத்தில் இழுத்திருக்கவேண்டும், முகத்தை ஒரு மாதிரி சுளித்தார். சவரம் செய்கிறவர் கத்தியைக் கீழே வைத்தார். அந்த நாவிதர்தான் எனக்கு எதிரே இரண்டு அடி வந்து நின்று, "எப்பம்மா?" என்று கேட்டார்.

"தை அமாவாசைக்கு மறுநாள். விடியற நேரம். பஸ்ராவுல."

சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அன்று அந்தத் தெரு முழுவதும் சொன்னேன். மூன்று வீட்டில் எழுந்து வந்து கேட்டார்கள். மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள். சாத்திய கதவுக்கும் நின்று முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

ஆனால் மணியக்காரர் அசையவில்லை. அவர் கையில்தான் ஊரின் ஜனன மரண ரிஜிஸ்தர் இருந்தது. அதில் ஏறாதவரை தெருப் பெரியவர்களும் அண்ணியை அழவிடமாட்டோம் என்றார்கள். அதற்குள் ஷாப்பில் என்னைப் பேப்பர் படிக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூலிகள் என்ற வரியை நான் முதலில் படித்து, "இவங்களுக்கும் பேரு கீது, பேப்பர்காரனுக்குத்தான் தெரியல" என்று சேர்த்துச் சொன்னேன் என்பது புகார். உண்மைதான், சொன்னேன். இரண்டு வாரம் சொன்னேன்.

ஆடி மாதத்தில் மணியக்காரரின் பெரியப்பா செத்தார். காலையிலேயே தலையாரி எங்கள் வீட்டுக்கு வந்து நைனாவைக் கூப்பிட்டான்.

நைனா கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்தார். கலயத்தைக் கழுவிக் கவிழ்த்தார்.

"பேப்பர்ல போடச் சொல்லுப்பா," என்றார்.

தலையாரிக்கு முதலில் புரியவில்லை. நைனா அதையே இன்னொரு முறை நிதானமாகச் சொன்னார். அந்த மனுஷர் ஆயுசில் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. தலையாரி கத்தினான், மிரட்டினான், பக்கத்து வீட்டுக்குப் போனான், அதற்கடுத்த வீட்டுக்குப் போனான். எல்லோருக்கும் அன்றைக்கு ஏதோ ஒரு வேலை இருந்தது. ஊர்க் களத்து நெல்லை நம்பி இருந்த காலமாக இருந்தால் என்ன செய்திருப்பார்களோ. அப்போது பாதி வீட்டில் ஷாப்புக் கூலி வந்துகொண்டிருந்தது.

முறைப்படி ஆள் போய்ச் சொல்லாவிட்டால் சம்பந்தி வீட்டார் வரமாட்டார்கள். மதித்துச் சொல்லவில்லை என்று தலைமுறைக்கும் பகை வைத்துக்கொள்வார்கள். ஆடிப் புழுக்கத்தில் பிணம் எத்தனை நேரம் தாங்கும்? வெயில் உச்சிக்கு ஏறும்போது மணியக்காரரே வந்தார். எங்கள் தெரு தொடங்குகிற இடத்தில் நின்றார். தலையாரி கையில் ரிஜிஸ்தர்.

"பேர் சொல்லு," என்றார் நைனாவிடம், தரையைப் பார்த்துக்கொண்டு.

நைனா சொன்னார். அவர் எழுதினார். எழுதி மூடப் போனார்.

"நான் படிச்சுப் பார்க்கணும்," என்றேன்.

முறைத்தார். நைனா அசையாமல் நின்றார். கடைசியில் தலையாரி ரிஜிஸ்தரை விரித்துப் பிடித்தான், நான் தொடாமல் எட்டிப் பார்த்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது, ஜுரம் என்று இருந்தது. இடம் என்ற கட்டம் காலி.

"பஸ்ரான்னு எழுதுங்க," என்றேன். "சர்க்கார் வேலையிலன்னும் எழுதுங்க."

"அதெல்லாம் எழுத முடியாது."

"அப்ப உங்க பெரியப்பாவையும் ரெண்டு வரியில பேப்பர்ல போட்டுக்குங்க."

எழுதினார். பேனா முனை தாளில் குத்துகிற சத்தம் எனக்குக் கேட்டது. நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். குடியாத்தம் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

அண்ணி கூட்டத்துக்குப் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். இத்தனை மாதமாகப் பேசாதவள். அந்தப் புத்தகத்தைக் கையால் காட்டி, "இன்னா எழுதியிருக்குது, படி" என்றாள்.

படித்தேன். அவன் பெயரிலிருந்து சர்க்கார் வேலையில் என்பது வரை முழுவதும் படித்தேன். அவள் உதடு கோணியது. ஆனால் இன்னும் அழவில்லை.

"இன்னொரு தபா படி," என்றாள். "ஊருக்குக் கேக்குற மாதிரி படி."

மணியக்காரர் ரிஜிஸ்தரை மூடச் சொல்லிக் கை காட்டினார். தலையாரி மூடவில்லை, அவன் தம்பியும் பஸ்ராவில்தான் இருந்தான். நான் தொண்டை கிழியும்படி மறுபடி படித்தேன். கடைசிச் சொல்லுக்கு முன்பே அண்ணி மண்ணில் விழுந்து அழ ஆரம்பித்துவிட்டாள்.